பென்சிலும் கையுமாக ஒரு கோபம்

நாளை முதல் நான் கோபக்காரன்.

இப்படி ஒரு தீர்மானத்தை நான் எடுத்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருஷத்தில் வீட்டுக்குள் நான் குரலை உயர்த்தியது ஒரே ஒரு தடவை. அதுவும் குளியலறைக்குள்ளிருந்து துண்டு கேட்டபோது. அப்பேர்ப்பட்ட நான் கோபக்காரனாக முடிவு செய்ததற்குக் காரணம் வீரம் இல்லை. வேலை.

அப்போது நான் ஓர் அகராதி அலுவலகத்தில் தற்காலிக ஊழியன். அச்சுக்கூடத்துக்கு மேலே நீளமான ஓர் அறை. சுவர் முழுக்க மரத்தட்டுகள், தட்டு முழுக்க நூல் போட்டுக் கட்டிய காகிதச் சீட்டுகள். ஒரு சீட்டுக்கு ஒரு சொல். தலைக்கு மேலே மின்விசிறி உண்டு, ஆனால் அதைப் போடக் கூடாது. போட்டால் மொழி பறந்துவிடும். கோடையில் நாங்கள் ஒரு கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் சொற்களை வரிசைப்படுத்துவோம். பசை வாசனையும், கீழேயிருந்து ஏறி வரும் மை வாசனையும், இயந்திரத்தின் தடதடப்பும் கலந்த அந்த அறையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு இளகிவிடுகிறது. அப்போது வெறுமனே வியர்த்தது.

அங்கே தலைமைப் பதிப்பாசிரியரை எல்லோரும் பெரியவர் என்போம். பேச்சுவழக்குச் சொற்களைச் சேர்க்கும் வேலையை அவர் ஆளுக்கு ஒரு பிரிவாகப் பிரித்துக் கொடுத்தார். பக்கத்து மேஜைக்காரருக்குப் பறவைகள் கிடைத்தன. மகராசன், மரத்தைப் பார்த்தே பொழுதை ஓட்டினார். எனக்கு வந்தது, எளிதில் கோபப்படுகிறவர்களைக் குறிக்கும் சொற்கள். அந்தப் பிரிவு தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் என் மாமனாரின் இரும்புக் கடையில் ஒரு முக்காலி காத்திருந்தது. ஆணி எடை போடுகிற முக்காலி. அதற்குப் பக்கத்திலேயே மாமனாரின் நாற்காலி. என் மாமனார் பேசினால் எதிர்க்கடைத் தராசு ஆடும்.

நான் முதலில் நாலு பழைய புத்தகங்களைப் புரட்டி ஒரு கட்டுச் சீட்டு எழுதிக்கொண்டு போனேன். முன்கோபி, சினத்தான், வெகுளி என்று நன்றாகத்தான் இருந்தது. பெரியவர் மூன்றாவது சீட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"தெருவுல போற ஒருத்தனை நிறுத்தி, நீ ஒரு வெகுளின்னு சொல்லிப் பாருப்பா. ஆமாங்க, நான் ரொம்ப அப்பாவிங்கன்னு உன் கையைப் பிடிச்சுக்குவான். அந்தச் சொல்லுல கோபம் இருந்த காலம் வேற."

அவருடைய விதி கறாரானது. சொல் காதில் விழ வேண்டும். கேட்டு வாங்கக் கூடாது. கேட்டால் ஜனங்கள் சலவை செய்த சொல்லைத்தான் கொடுப்பார்கள். அதுவும் குறைந்தது இரண்டு வாயிலிருந்து வர வேண்டும், இரண்டு வாயும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. வந்த வாக்கியத்தை வந்தபடியே எழுத வேண்டும்.

சரி என்று பேருந்து நிறுத்தத்திலும் சந்தையிலும் நின்றேன். சண்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிடைத்ததெல்லாம் அச்சில் ஏற்ற முடியாத சொற்கள். அதற்கு வேறு பிரிவு, வேறு ஆள். அவர் பிரிவு அமோகமாக நடந்துகொண்டிருந்தது. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியபோது பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒன்று சொன்னார். கோபப்படுகிறவன் வாயில் இந்தச் சொல்லெல்லாம் இருக்காதாம், அவனோடு குடித்தனம் பண்ணுகிறவள் வாயில்தான் இருக்குமாம்.

பொறி தட்டியது. நான் குடித்தனக்காரன். எனக்கு ஒரு மனைவி இருக்கிறாள். கோபக்காரக் கணவன் ஒருவன்தான் குறைச்சல்.

நாங்கள் இருந்தது ஒரு மாடிப் போர்ஷன். ஓர் அறை, ஒரு கூடம், நிற்க மட்டும் இடமுள்ள சமையலறை. பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு. கீழே பின்கட்டில் ஒரு தையற்காரம்மா குடியிருந்தார். காலையில் அவர் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் படியேறி வருவார், என் மனைவி படியிறங்கிப் போவாள், பாதிப் படியில் சந்திப்பு நடக்கும். அந்தப் பாதிப் படிக்கு நேர் மேலே எங்கள் குளியலறை ஜன்னல். கடவுள் அகராதிக்காகவே கட்டிய வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடி முன்னால் நின்று புருவத்தை நெரிக்கப் பழகினேன். மறுநாள் காலை, சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து தொண்டையைக் கனைத்தேன்.

"இந்தச் சட்டையில பொத்தானே இல்லை. இந்த வீட்டுல யாருக்கும் ஒரு பொறுப்பு கிடையாதா?"

"பொத்தான் இருக்குங்க. நீங்க சட்டையை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி போட்டிருக்கீங்க."

"போட்டா என்ன தப்பு?"

அவள் கரண்டியும் கையுமாக என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்படிக்குப் போனாள். நான் பாய்ந்து குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன்.

"என்ன தங்கச்சி, மேல ஒரே சத்தம்?"

"அவர்தான் அக்கா. காலங்காத்தாலயே சிடுமூஞ்சி."

"பார்த்தா அப்படித் தெரியலையே. சிடுமூஞ்சின்னா மூஞ்சியே சொல்லிடுமே."

இரண்டு வாய், இரண்டு குடும்பம், ஒரு சொல். ஜன்னல் கட்டையில் சீட்டை வைத்து எழுதிவிட்டு, அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் மீன் மாட்டியவனுக்கு இப்படித்தான் இருக்கும்.

அதன்பிறகு கொண்டாட்டம்தான். காப்பி ஆறிவிட்டது என்று ஒரு நாள், ஆறவில்லை என்று மறுநாள். செருப்பு இடம் மாறியதற்கு ஒன்று, மாறாததற்கு ஒன்று. நான் ஒரு கத்தல் கத்திவிட்டு உள்ளே போவேன், கீழே அறுவடை நடக்கும். அவருக்கு மூக்குமேல கோபம் அக்கா என்பாள். முணுக்குன்னா வந்துடும் என்பாள். எரிஞ்சு விழறார், வள்ளுனு விழறார், கிட்டப் போனா கடிச்சிடுவார் போல இருக்கு. தையற்காரம்மாவும் சளைத்தவரில்லை. நூலைப் பல்லில் கடித்தபடியே, கடுகடுப்பான ஆளு, வெடுவெடுன்னு பேசற ஆளு, சுருக்குனு கோவிச்சுக்கிற ஆளு என்று தன் பங்குக்குக் கொடுத்தார். ஒரு நாள் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதாக இருவரும் ஒரே மனதாகத் தீர்மானித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியவர் சீட்டுகளைப் படித்துவிட்டு முதல் தடவையாக எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். ஒரே ஒரு சொல்லைத்தான் தள்ளினார். தையற்காரம்மா என்னைத் தொட்டாற்சிணுங்கி என்றிருந்தார். அது மனசு நோகிறவருக்கு, கோபப்படுகிறவருக்கு இல்லை, வேறு பிரிவுக்கு அனுப்பு என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார், சிடுமூஞ்சிக்கும் முசுடுக்கும் என்ன வித்தியாசம், அதையும் கேட்டுக்கொண்டு வா என்று.

அதைக் கேட்டு வாங்கக் கூடாதே. ஆகவே நான் ஒரு நாள் முழுக்க முசுடாக இருந்தேன். பேசவில்லை. சாப்பிட்டேன், ஆனால் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன். மறுநாள் காலையில் படியில் அவள் குரல் கேட்டது.

"முன்கோபிகூடப் பரவாயில்லை அக்கா. கத்திட்டு அவனே மறந்துடுவான். சிடுமூஞ்சி எந்நேரமும் அப்படித்தான், சரி, பழகிடும். முசுடு இருக்கே, அது உள்ளயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். எப்ப வெளியில வரும்னு நாமதான் காத்துக்கிட்டிருக்கணும். வீடு முழுக்க மெதுவா நடக்கணும்."

இவ்வளவு தெளிவாக ஓர் அகராதிக்காரன்கூடச் சொல்ல மாட்டான். எழுதி முடிப்பதற்குள் பென்சில் முனை உடைந்துவிட்டது. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

திடீரென்று விளைச்சல் நின்றுபோனது. நான் எவ்வளவு கத்தினாலும் கீழே தைக்கிற கதையும் துணிக் கதையும்தான் நடந்தது. சீட்டுகளைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முக்காலி கண்முன்னே வந்து போனது. ஒரு வழியாக ஒரு காலை பேச்சு என் பக்கம் திரும்பியது.

"பொண்டாட்டிகிட்ட காட்டறதெல்லாம் கோபத்துல சேர்த்தியா அக்கா? குழாய் எத்தனை காலமா ஒழுகுது. வீட்டுச் சொந்தக்காரரைப் பார்த்தா இவர் கும்பிடு போட்டுட்டு வர்றார். இப்படிப்பட்ட ஆளுக்கு நான் என்ன பேரு வைக்கிறது?"

பேர் இல்லையா? விடுவேனா. வீட்டுச் சொந்தக்காரர் முன்கட்டில் இருந்தார். ஆறடி உயரம். கால் வாசலிலேயே நின்றுவிட்டது, வாய் மட்டும் எப்படியோ முன்னால் போய்விட்டது. மனுஷன் இருக்கிற வீடா இது என்று ஆரம்பித்து, குழாயில் தொடங்கி, கூரையில் ஏறி, வெள்ளையடிக்காத சுவரில் இறங்கினேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். அன்று மதியமே குழாய்க்காரர் வந்துவிட்டார். மறுநாள் எனக்குத் தாம்தூம்னு குதிக்கிற ஆளு ஒன்றும், சட்டுனு பத்திக்கிற ஆளு ஒன்றும் கிடைத்தன.

அடுத்தது என் சித்தப்பா மகன். இரண்டு நாளில் போகிறேன் என்று பையோடு வந்தவன், பையை எங்கள் அலமாரிக்குள் வைத்துவிட்டுக் கூடத்திலேயே குடியேறிவிட்டான். என் தலையணை, என் சோப்பு, என் செய்தித்தாள். படியில் என் மனைவி அலுத்துக்கொண்டாள். சொந்தக்காரங்களைப் பார்த்தால் இவர் பச்சைத் தண்ணீர் அக்கா, பச்சைத் தண்ணீருக்கு நான் வேற பேரு தேடணுமா என்றாள். அன்று சாயங்காலமே அவனை ஒரு பிடி பிடித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட அவன் நிற்கவில்லை. கத்தினதில் எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது, சின்ன வயதில் ஒன்றாக விளையாடியவன். ஆனால் மறுநாள் ஆத்திரக்காரர் என்ற பட்டம் வந்தது. தையற்காரம்மா அதைத் திருப்பியும் சொன்னார். அகராதிக்கு முன்னால் சித்தப்பா மகன் எம்மாத்திரம்?

கடைசிச் சொல்தான் விலை அதிகம். கண்மண் தெரியாத கோபக்காரர் என்றால் கையில் கிடைத்ததைத் தூக்கிப் போடுவார்கள், இவருக்கு அந்த அளவுக்கெல்லாம் போதாது என்று படியில் பேச்சு. போதாதா? நான் கூடத்துக்கு வந்து எதையாவது எடுக்கப் பார்த்தேன். அன்றைக்கென்று மேஜை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. டம்ளர் இல்லை, கண்ணாடி இல்லை, கடிகாரம் இல்லை. என் மூக்குப்பொடி டப்பா மட்டும் நட்ட நடுவில் இருந்தது. ஜன்னல் வழியாக வீசினேன். கீழே தையற்காரம்மா அரைமணி நேரம் தும்மினார். தும்மலுக்கு நடுவே அந்தச் சொல்லையும் சொன்னார். அதோடு என் பொடிப் பழக்கம் போயிற்று. இன்னொரு டப்பா வாங்கலாம் என்று பார்த்தால், கோபத்தில் வீசினதை எந்த முகத்தோடு வாங்குவது?

பிரிவு தேறிவிட்டது. பெரியவர் சீட்டுக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு உயிரோடு ஒரு பிரிவு வந்து நாளாச்சு, உன் வீட்டுப் பக்கத்தில் யாரோ ஒரு மகா கோபக்காரர் இருக்க வேண்டும், அவருக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிரந்தர உத்தரவு சட்டைப் பையிலும், பழப்பை கையிலுமாக வீட்டுக்கு வந்தேன். அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, என் மேதாவிலாசத்தை மெல்ல அவிழ்த்துவிட்டேன். இத்தனை நாள் நீ பார்த்த கோபம் எல்லாம் நடிப்பு, ஒன்றுகூட நிஜமில்லை, எல்லாம் அகராதிக்காக. அவள் அசந்துபோவாள் என்று காத்திருந்தேன். அவள் தலையணை உறையை உதறி மடித்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கோபப்பட்டுட்டு யாராவது பென்சிலோட குளிக்கப் போவாங்களா? போனவரு தண்ணியாவது திறந்து விட வேண்டாமா?"

"எப்போதிலேருந்து தெரியும்?"

"திருப்பிப் போட்ட சட்டையிலேருந்து."

குழாய், சித்தப்பா மகன், பொடி டப்பா எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்து நின்று சிரித்தன. நான் சொல் அறுத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அவள் என்னை வைத்து வீட்டையே சுத்தம் செய்திருக்கிறாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. தெரிந்து சொன்ன சொல் என்றால் பெரியவரின் விதி என்னாவது? எனக்காக இட்டுக்கட்டினாளா? சட்டைப் பையில் உத்தரவு கனத்தது. கேட்டேவிட்டேன்.

"ஒண்ணுகூட இட்டுக்கட்டினது இல்லை. அக்காவுக்கு எதுவும் தெரியாது, அவங்க சொன்னது அவங்க வாயில தானா வந்தது. நான் சொன்னதெல்லாம் எங்கம்மா எங்கப்பாவுக்கு வெச்ச பேரு. சமையல்கட்டுல பக்கத்து வீட்டு அத்தைகிட்ட சொல்லுவாங்க. நான் காய் நறுக்கிக்கிட்டே கேட்டு வளர்ந்தேன்."

"அப்போ என்னைப் பத்திச் சொன்னது இல்லையா?"

"உங்களைப் பத்தி அவ்வளவு சொல்ல என்ன இருக்கு?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் அடுத்த துணியை எடுத்தாள், ஆனால் மடிக்கவில்லை.

"அந்தக் கடையில நாள் முழுக்க எங்கப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, அதை நீங்க எங்கே இறக்கி வைப்பீங்க? என்கிட்டதான். ஒரு வீட்டுல அப்படி இருந்தாச்சுங்க. மெதுவா நடந்து நடந்து எனக்குக் கால் வலிச்சுப் போச்சு. இங்கயாவது நான் தொம்முனு நடக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். முக்காலி எனக்குத்தான் பயம் என்று நான் நினைத்திருந்தேன். அவளுடைய பயத்துக்கு முன்னால் என் பயம் தூசு. பழத்தை உரித்துப் பாதியை அவளிடம் நீட்டினேன். இருவரும் அந்த மடித்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, குழாய் ஒழுகவில்லை. அந்தச் சாயங்காலம் மாதிரி இன்னொன்று எனக்கு வாய்த்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். நிறைய வாய்த்திருக்கிறது. ஆனாலும் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

அந்த நெகிழ்ச்சியில் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். இனிமேல் இந்த வீட்டில் கோபம் என்ற பேச்சே கிடையாது, நடிப்புக்குக்கூட.

"அதெப்படி?" என்று நிமிர்ந்தாள். "முன்கட்டுக்காரர் இன்னும் வெள்ளையடிச்சுத் தரல. இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின பேரை ஒரே நாள்ல கெடுத்துக்காதீங்க."

கெடுத்துக்கொள்ளவில்லை. காலம் ஓடிவிட்டது. அகராதி கனத்த தொகுதிகளாக வந்து, பழசாகி, மறுபதிப்பும் ஆயிற்று. அந்த நீள அறையில் இப்போது மின்விசிறி சுற்றுகிறதாம், பறப்பதற்குச் சீட்டு ஒன்றுமில்லை. பெரியவர் போய்விட்டார். மாமனார் கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மகள் தொம்தொம்மென்று நடக்கும்போது நிமிர்ந்து பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். தையற்காரம்மா ஊர் மாறிப் போகும்போது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படித்தான் காலம் தள்ளுறியோ, நீ ஒரு பொறுமைசாலி தங்கச்சி என்று கண்கலங்கினார். நான் பக்கத்தில் நின்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்று உறவு முழுக்க நான் ஒரு சிங்கம். சம்பந்தி வீட்டார் என்னிடம் வாயைத் திறப்பதற்கு முன் இவளிடம் ஜாடையில் நிலவரம் கேட்கிறார்கள். என் மருமகன் என் முன்னால் கால்மேல் கால் போட்டதில்லை. ஐயா, என் வீட்டில் நான் சொன்னது ஒன்றும் நடப்பதில்லை என்று நான் சத்தியம் செய்தாலும் எல்லோரும் சிரித்துவிட்டு, பாவம் அந்த அம்மா என்கிறார்கள். அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் காலையில் நான் செய்தித்தாளில் பாதியில் இருந்தேன். மனசு நிர்மலமாக இருந்தது. வாசலில் இவள் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது. "மெதுவாப் பேசுங்க, அவர் உள்ளே பயங்கர கோபத்துல இருக்கார்." நான் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு அவசர அவசரமாகப் புருவத்தை நெரித்துக்கொண்டேன்.

இன்னும் நெரித்தபடிதான் இருக்கிறேன். எதற்கு என்று அவள் இன்னும் சொல்லவில்லை.